புது ரக ரோஜா நம்ம குமரி மாவட்டத்தில் நிற்குமா?

2024 ஜூன் 9, காலை (கேள்வி)

கருங்கல் பக்கம் வீடு. ஏப்ரலில் கேரளத்தில் மண்ணுத்தி நர்சரிகளுக்குப் போயிருந்தபோது புது ரகம் என்று சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் ரோஸ் சில வாங்கி வந்தேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். மே முழுக்க நல்ல பூ. மழை பிடித்ததும் அடியிலிருந்து இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்து, இப்போது குச்சி மட்டும் நிற்கிறது. "நம்ம ஊருக்குப் பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஸும் போதும், மற்றதெல்லாம் தண்டச் செலவு" என்கிறார் மாமியார். அப்படித்தானா? வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜூன் 9, இரவு

மாமியார் சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்காகத்தான் நானும் அழகியமண்டபத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி, உதிர்ந்த இலையில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேல்பக்கம் கருப்பு வட்டம் இருக்கிறதா? அதன் ஓரம் சீராக இல்லாமல், மட்டமான தாளில் மை ஊறின மாதிரி இழை இழையாகப் பிரிந்து, சுற்றிலும் மஞ்சள் ஏறியிருக்கிறதா? அப்படியானால் அது கரும்புள்ளி நோய். பூஞ்சை. மண்ணில் சத்து இல்லை, தண்ணீர் கூடிப்போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பூஞ்சையின் வித்து இலைக்குள் இறங்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் போல நனைந்திருந்தால் போதும். ஜூன் மாதம் கருங்கலில் இலை காய்கிற நேரம் எது? காலையில் சாரல், மத்தியானம் ஒரு கண் வெயில், மறுபடி சாரல், ராத்திரி முழுக்கச் சொட்டு. ஏழு மணி நேரம் எல்லாம் அதற்கு வாரி வழங்கின மாதிரி.

மற்ற மாவட்டக்காரர்கள் பலருக்கும் வருஷத்தில் முக்கியமாக ஒரு மழைக்காலம். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் உண்டு. கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் நெல் எடுக்க அதுதான் உதவியது. ரோஜாவுக்கு அதுவே வினை.

செடி செத்துவிடவில்லை. குச்சி பச்சையாக இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள்.

2024 ஜூன் 10

வாங்கியது இங்கிலீஷ் ரோஸ் என்றதால் இதையும் சொல்ல வேண்டும். அந்த வரிசையை இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் தொடங்கிவைத்தார். 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' என்ற அவருடைய முதல் ரகம் 1961இல் வந்தது. அடுக்கடுக்கான இதழ், பழைய காலத்து வாசனை, எல்லாம் உண்டு. ஆனால் அவரிடம் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்ந்ததும், அதில் நல்லதைப் பொறுக்கி எடுத்ததும் அந்த ஊர்க் குளிரில். அங்கே தேறிய செடி இங்கே ராத்திரி 25 டிகிரி புழுக்கத்தில் என்ன செய்யும் என்று யாரும் பார்த்து அனுப்புவதில்லை. சூடு கூடினால் பூ சிறுக்கும், இதழ் குறையும், நிறம் வெளிறும், ரெண்டு நாளில் கொட்டும். ஊட்டியில் வாங்கிவந்த செடி இங்கே முகம் வாடுவதற்கும் இதே காரணம்தான். ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நம்ம வீட்டு மொட்டை மாடி எத்தனை மீட்டர்?

கடையில் எல்லாரும் பூவைப் பார்த்து வாங்குகிறோம். நான் இப்போதெல்லாம் பூ இருக்கிற செடியை ஒதுக்கிவிட்டு இலையைத்தான் பார்ப்பேன். தடிப்பாக, மேலே எண்ணெய் தடவின பளபளப்போடு, அடி இலை வரைக்கும் உதிராமல் இருக்கிறதா என்று. அதுவும் ஜூலையில் போய்ப் பார்க்க வேண்டும். ஜனவரியில் எல்லாச் செடியும் அழகுதான்.

2024 ஜூன் 10, பிற்பகல்

மருந்து கேட்டிருந்த குலசேகரம் தம்பிக்கு: மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், மழை ஓய்ந்த நேரம் பார்த்து, இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி. இது வராமல் தடுக்கிற மருந்து. வந்த புள்ளியை அழிக்காது. வேப்பெண்ணெய் பூச்சிக்குச் சரி, கரும்புள்ளியை அதை மட்டும் நம்பி விடாதீர்கள். மருந்தைவிட முக்கியம், உதிர்ந்த இலையைத் தொட்டியிலேயே விட்டுவிடாமல் பொறுக்கி எடுத்து எரிப்பது. மழைத்துளி கீழே விழுந்து தெறிக்கும்போது வித்து அங்கிருந்துதான் மேலே ஏறும். "இலையெல்லாம் உரம்தானே" என்று தொட்டிக்குள்ளேயே மூடாக்குப் போடுகிறவர்கள் ரோஜா இலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் ஹோஸ் பிடித்துத் தலையோடு தண்ணீர் ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம். காலையில், வேரில்.

2024 ஜூன் 14

களிமண் உருண்டை விவகாரம். எதிர்பார்த்ததுதான், இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ரெண்டு கட்சி உருவாகிவிடும்.

புனே பக்கத்திலிருந்து வருகிற செடியில் வேரைச் சுற்றிக் கல்லு மாதிரி களிமண் கட்டி இருக்கும். லாரியில் நாள்கணக்காக வருவதற்கு அது வசதி, செடி சாகாது. அதை அப்படியே கதம்பைத் தூள் (தேங்காய் நார்த் தூள்) கலந்த தொட்டியில் இறக்கினால் என்ன நடக்கும் என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுற்றியுள்ள கலவை சொதசொதவென்று இருக்கிறது, நடுவில் கட்டி ஒன்று காய்ந்து இறுகிக் கிடக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் பிடித்து வடியாமல் வேர் அழுகிக் கிடக்கும். வேர் அந்தக் கட்டியை விட்டு வெளியே வரவே வராது.

மொத்தமும் கழுவி வேரை அம்மணமாக்கு என்று ஒரு கட்சி, தொடவே கூடாது என்று இன்னொரு கட்சி. என் வழக்கம் இடைப்பட்டது. வாளியில் தண்ணீர் வைத்து உருண்டையை முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, தானாகக் கரைகிற மட்டும் கரையட்டும் என்று விட்டுவிடுவேன். விரலால் நோண்டுவதில்லை. மெல்லிய வெள்ளை வேர் அறுந்தால் செடி ஒரு மாதம் பின்னால் போய்விடும். நம்ம ஊரில் ஒரு நல்லது, சாரல் காலத்தில் காற்றில் ஈரம் இருப்பதால் இந்த வேலையைச் செடி தாங்கிக்கொள்ளும். ஏப்ரலில் செய்தால் ரெண்டே நாளில் துவண்டுவிடும்.

அந்த நேரத்திலேயே ஒட்டுக்கட்டின இடத்தையும், அதாவது அடிக்கட்டையும் மேல் ரகமும் சேர்கிற முடிச்சையும் பாருங்கள். பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கும். சில செடியில் அது இறுகித் தண்டுக்குள்ளேயே புதைந்து, மேலே தண்டு புடைத்தும் கீழே சூம்பியும் இருக்கும். ஒட்டு நன்றாகச் சேர்ந்துவிட்ட செடி என்றால் பிளேடு நுனியால் நாடாவை நெடுக்குவாட்டில் ஒரு கீறு கீறி உரித்துவிடலாம். தண்டு மூச்சு விடும்.

2024 ஜூன் 23

"இலையைப் பார்த்து வாங்கு என்கிறீர்கள், அப்படி வாங்கியும் எனக்கு வரவில்லை" என்று வடசேரி அக்கா. அக்கா, மாவட்டம் ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் காற்று வேறு.

டபுள் டிலைட் எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் வந்த ரகம், அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் நர்சரிக்காரர்கள் புதுசு என்றுதான் விற்கிறார்கள். நடுவில் பாலேடு நிறம், ஓரத்தில் சிவப்பு, வாசனையும் உண்டு. என் வீட்டில் அதன் இலை ஆனி ஆடியில் முழுக்கப் போய்விடும். ஆரல்வாய்மொழியில் என் மைனி வீட்டில் அதே செடி, நான் கொடுத்ததுதான், கரும்புள்ளி கிட்டத்தட்ட இல்லை. கணவாய்க் காற்று இலையை நனைந்தபடி இருக்க விடுவதில்லை. ஆனால் அந்தக் காற்றே பூவை ஒரு நாளில் கிழித்து ஓரம் கருக்கிவிடும், வெயில் காலத்தில் செம்பேன் வந்து இலைக்கு அடியில் நூலாம்படை கட்டும். அதற்கு மருந்தெல்லாம் தேடாதீர்கள், ஹோஸை அடிப்பக்கமாகப் பிடித்துக் காலை வேளையில் வேகமாக அடித்தாலே பாதி குறையும். மைனி வீட்டுப் பூவில் சிவப்பு கூடுதல். இந்த ரகத்தில் வெயில் ஏற ஏறச் சிவப்புப் பரவும். என் வீட்டில் ஜூலைப் பூ ஏறக்குறைய வெள்ளை. சித்தி மகள் குளச்சலில் கடலைப் பார்த்த வீட்டில் வைத்திருக்கிறாள், அங்கே நோயும் இல்லை பேனும் இல்லை, உப்புக்காற்றில் இலை விளிம்பு மட்டும் பழுப்பாகச் சுருளும். மதில் ஓரத்துக்கு நகர்த்தியபின் சற்றுத் தேவலை.

ஒரே செடி. ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் மூன்று விதமான சீக்கு. அதனால் யாராவது "நாகர்கோவிலில் நன்றாக வருகிறது" என்று சொன்னால் நாகர்கோவிலில் எங்கே என்று கேளுங்கள்.

2024 ஜூலை 7

தேயிலைத் தூள், வினிகர், எலுமிச்சைத் தோல். ரோஜாவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும் என்று வீடியோவில் சொல்வதைக் கேட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள்.

ரோஜாவுக்கு வேண்டியது கார அமில அளவு (pH) 6இலிருந்து 6.5 வரைக்கும் உள்ள மண். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரள் மண் ஏற்கெனவே அதைவிடப் புளித்தது, மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. ரப்பர் வளர்கிற மண்ணில் போய் வினிகர் ஊற்றுவதா? நான் தொட்டிக்கு ஒரு கைப்பிடி கடல்சிப்பிச் சுண்ணாம்பு, நீர்த்துப் பொடியானது, மழைக்கு முன்னால் மண்ணோடு கலந்துவிடுவேன். உரம் போட்ட கையோடு சுண்ணாம்பு போடக் கூடாது, ரெண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு நேர் எதிர். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அங்கே இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். சுண்ணாம்பு பக்கமே போகாதீர்கள்.

மட்டி வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் பற்றிக் கேட்டவருக்கு: கெடுதல் இல்லை. மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதற்காக ரோஜா கூடுதலாகப் பூக்காது. கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து போடுங்கள். மீன் அமிலம் போடுகிறவர்கள் சாளைக் கழிவும் கருப்பட்டியும் சம எடை, மூடி வைத்து மூன்று வாரத்துக்கு மேல், பிறகு லிட்டருக்கு 5 மில்லி. கருப்பட்டி கட்டுப்படியாகாது என்றால் மண்டை வெல்லம். பூனை வரும். அதற்கு என்னிடம் வழி இல்லை.

2024 ஜூலை 21

"ஆரஞ்சு ரோஜா வாங்கினேன், ஒரு வருஷத்தில் அது பன்னீர் ரோஜாவாக மாறிவிட்டது, நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்."

மாறவில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது ஒட்டுச் செடி. அடிக்கட்டை ஒரு ரகம், மேலே ஒட்டினது இன்னொரு ரகம். நம்ம பக்கம் அடிக்கட்டையாக எட்வர்ட் ரோஜாவை, அதாவது நாம் பன்னீர் ரோஜா என்கிறதைப் போடுவது வழக்கம். மேல் ரகம் மழையில் நொந்து நிற்கும்போது அடிக்கட்டை தன் வழியில் ஒரு போத்து (புதுக் கிளை) விடும், சத்தெல்லாம் அதற்குப் போகும், ஆரஞ்சு காய்ந்துபோகும். ஒரு காம்பில் ஏழு இலை வந்தால் அடிக்கட்டைப் போத்து, ஐந்து இலை என்றால் நல்ல போத்து என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகத்திலேயே ஏழு இலை வருவதுண்டு. மண்ணை விரலால் விலக்கி, போத்து ஒட்டு முடிச்சுக்குக் கீழே கிளம்புகிறதா மேலே கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே என்றால் கத்தரிக்காதீர்கள், கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்கள். கத்தரித்தால் அடியில் உள்ள தளிர்க் கண்ணிலிருந்து ரெண்டாக வரும்.

ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். ஒட்டினது சாகிறது, ஒட்டுக்கு ஆதாரமாக நின்றது பூக்கிறது. எட்வர்ட் ரோஜா பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவிலிருந்து கிளம்பி வந்த ரகம். சூடு, ஈரம், கடல் காற்று எல்லாம் அதற்குப் பிறந்த இடத்திலேயே பழக்கம். கருங்கல் மாமியார் சும்மா சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 18

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். வேறு ஊரில் தேறினதை வாங்கி இங்கே கொண்டுவந்து அழுவதற்குப் பதில், இங்கேயே விதை போட்டுப் பார்த்தால் என்ன?

ரோஜா விதை ஒவ்வொன்றும் ஒரு புது ரகம். ஒரே காயில் இருக்கிற விதைகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. தாய் மாதிரியே வேண்டுமென்றால் பதியன், கம்பு, ஒட்டு. புதுசு வேண்டுமென்றால் விதை.

எங்கள் தறவாட்டு வீட்டுத் திண்ணையோரம் இளஞ்சிவப்பில் ஒரு நாட்டு ரோஜா உண்டு, பெயர் யாருக்கும் தெரியாது, என் பாட்டா காலத்திலிருந்தே நிற்கிறது. மருந்து பார்த்ததில்லை. அதைத் தாயாக வைத்தேன். நாளைக்கு விரியும் என்கிற மொட்டைச் சாயங்காலம் பிடித்து, இதழை எல்லாம் பிய்த்து, உள்ளே வட்டமாக நிற்கிற மகரந்தப் பைகளைச் சின்னக் கத்தரியால் மொத்தமும் நறுக்கி எடுக்க வேண்டும். பை மஞ்சளாக, வெடிக்காமல் இருக்கும்போதே எடுத்தால்தான் தன் மகரந்தம் தனக்கே ஒட்டாது. நடுவில் சூல்முடி மட்டும் கொத்தாக நிற்கும். மறுநாள் காலை அது லேசாகப் பிசுபிசுக்கும், அப்போது டபுள் டிலைட்டின் மகரந்தத்தை விரல் நுனியால் தடவி, காகிதப் பை மாட்டிவிட வேண்டும். நம்ம ஊரில் இந்த வேலைக்கு ஜனவரி, பிப்ரவரிதான். மழையில் மகரந்தம் கரைந்துவிடும்.

இதழ் மிக அடர்ந்த பூவிடம் மகரந்தம் எதிர்பார்க்காதீர்கள். கூடுதல் இதழ் பெரும்பாலும் மகரந்தத் தாள் உருமாறி வருவதுதான், அதனால் நூறு இதழ்ப் பூவைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

காய் பழுத்து ஆரஞ்சாக மூன்றிலிருந்து நான்கு மாதம். விதையை அப்படியே விதைத்தால் நம்ம சூட்டில் முளைப்பது அபூர்வம், அதற்கு ஒரு குளிர்காலம் கடந்த நினைப்பு வர வேண்டும். ஈரக் கதம்பைத் தூளில் பொதிந்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில், சுமார் 4 டிகிரியில், ரெண்டு மாதம் போல. ஃபிரீசரில் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இந்த டப்பா மேல் தீராத கோபம், அயிலை வைக்க இடமில்லையாம்.

முளைத்ததில் பாதி நாற்றழுகலில் போகும். மீதியில், அடிக்கடி பூக்கிற இனமாக இருந்தால் முளைத்து ரெண்டு மாதத்துக்குள் முதல் பூ வந்துவிடும், அஞ்சு ரூபாய்க் காசு அளவில், நாலைந்து இதழோடு. அதைப் பார்த்துச் சோர்ந்து பிடுங்கி எறியக் கூடாது. பூவின் உண்மையான அளவும் இதழும் ரெண்டாம் வருஷம்தான் தெரியும். இலையின் குணம் முதல் ஜூனிலேயே தெரிந்துவிடும்.

அதனால் நான் நாற்றுக்கு மருந்தே அடிப்பதில்லை. இந்த ஆனி ஆடியில் பாத்தியில் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டது. அப்படியே பிடுங்கிப் போட்டேன், அதில் நல்ல மஞ்சள் பூ ஒன்றும் போயிற்று. மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் மருந்தில் நிற்கிற செடி நமக்கு ஏற்கெனவே கடையில் கிடைக்கிறதே.

2024 ஆகஸ்ட் 19

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி வெப்பநாட்டுக்கு ஏற்ற ரோஜாவை உருவாக்கவே பல பத்தாண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். அவர் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு இதற்கு வந்தவர். ஐரோப்பிய ரோஜாவோடு மறுபடி மறுபடி ஐரோப்பிய ரோஜாவையே சேர்க்காமல், மணிப்பூர் மலையில் ஏறிப் படர்கிற ரோசா ஜைஜான்டியாவையும், ஆற்றங்கரை வெள்ளத்தில் காலை வைத்துக்கொண்டே வளர்கிற ரோசா கிளைனோஃபில்லா என்ற இந்தியக் காட்டு ரோஜாவையும் கலப்புக்கு எடுத்தார்கள். தாவரவியல் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாள் பெயரில் ஒரு ரோஜாவும் அவர்கள் உருவாக்கினதுதான். தண்ணீரில் நிற்கிற காட்டு ரோஜா என்று படித்ததும் எனக்குப் பேச்சிப்பாறை மழைதான் ஞாபகம் வந்தது.

குலசேகரம் தம்பி, உங்கள் நாற்று காயே பிடிக்கவில்லை என்றீர்களே. காட்டு ரோஜா பலவற்றிலும் பழைய சீன ரோஜாக்கள் பலவற்றிலும் 14 குரோமோசோம், இன்றைய பெரிய பூ ரகங்களில் பெரும்பாலும் 28. ரெண்டையும் சேர்த்தால் 21. ஒற்றைப்படையாகிவிட்டால் விதை பிடிப்பது கஷ்டம். பூக்கத் தடையில்லை. அந்தச் செடியோடு உங்கள் வம்சாவளி நிற்கிறது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 20

மணவாளக்குறிச்சி அண்ணாச்சியின் கேள்வி: "எங்க ஊர் மணலில் தோரியம் இருக்கே, ஒரு தொட்டி நிறைய அள்ளி ரோஜா வைத்தால் கதிர்வீச்சில் புது ரகம் வருமா?"

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி முழுக்கப் பைத்தியக்காரத்தனம் இல்லை. டில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 'கிஸ் ஆஃப் ஃபயர்' ரோஜாவின் மொட்டுக்கம்புக்குக் காமா கதிர் கொடுத்துத்தான் 'அபிசாரிகா' என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவர்கள் சில நிமிடத்தில் கொடுக்கிற அளவை உங்கள் மணல் கொடுத்து முடிக்க ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் அண்ணாச்சி. அதுவரைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கதிர் இல்லாமலும் சில நேரம் ஒரு கிளை மட்டும் தானாக நிறம் மாறிப் பூக்கும். 1962இல் வந்த 'சிகாகோ பீஸ்' அப்படி 'பீஸ்' ரோஜாவின் ஒரு கிளையில் தோன்றினதுதான். உங்கள் செடியில் அப்படி வந்தால் அந்தக் கிளையின் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டுங்கள். முதலில் அது அடிக்கட்டைப் போத்து இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள், ஜூலை 21 குறிப்பைப் பார்க்கவும்.

2024 செப்டம்பர் 12

ஓணம் நெருங்கிவிட்டது. இன்று தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக வண்டி ஏறுகிறது. ரோஜா எங்கிருந்து என்று ஒரு கடையில் கேட்டேன், ஓசூர் என்றார்கள். பிச்சிக்கும் அரளிக்கும் பெயர் வாங்கின ஊருக்கே ரோஜா வெளியூரிலிருந்து வருகிறது. மாமியார் கட்சி இன்னும் பலமாகத்தான் இருக்கிறது.

2024 நவம்பர் 3

ஜூனில் நான் எழுதினதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இரண்டு மழையும் ஒரே பரீட்சை என்கிற மாதிரி சொல்லியிருந்தேன். இந்த ஐப்பசியில் பாத்தியைக் கவனித்துப் பார்த்தால் அப்படி இல்லை. வடகிழக்கு மழை மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, மறுநாள் காலை வெயில் வந்து இலையைக் காயவைத்துவிடுகிறது. கரும்புள்ளி இருக்கிறது, ஆனால் ஜூன் அளவுக்கு இல்லை. இப்போது வருவது வேறு: கத்தரித்த நுனியிலிருந்து தண்டு கருப்பாகிக் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. பின்கருகல். அதனால் இலைக்கு ஜூன், தண்டுக்கு ஐப்பசி என்று தனித்தனியாக மார்க் போடுவதுதான் நியாயம்.

இன்னொன்று. இலை உதிர்க்காத செடிதான் நல்ல செடி என்பதிலும் எனக்கு இப்போது பாதி சம்மதம்தான். ஆடியில் மொட்டையாகி, பிடுங்க மறந்து ஓரத்தில் கிடந்த ஒரு நாற்று ஆவணியில் அடியிலிருந்து தளதளவென்று வந்து பூக்கவும் செய்கிறது. இலையைத் தக்கவைப்பது ஒரு குணம், போனதைத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொரு குணம்.

2024 டிசம்பர் 22

கவாத்து. அக்டோபரில் வெட்டு என்று தமிழில் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், மற்ற மாவட்டத்துக்கே அதில் வாதம் உண்டு, நமக்குச் சுத்தமாக ஒத்துவராது. கொட்டுகிற மழையில் வெட்டுவாயைத் திறந்து வைப்பானேன்? நான் கார்த்திகை தீபம் கழிந்து, ரெண்டு நாள் தொடர்ந்து வெயில் பார்த்தபின் வெட்டுவேன். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டின முகத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது). கருகின கம்பை வெட்டும்போது உள்ளே நடுத்தண்டு பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரிகிற வரைக்கும் இறங்கி வெட்டுங்கள், இரக்கம் பார்க்கக் கூடாது. ஆறேழு வாரத்தில் பூ.

பனிக்காலத்தில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தவர்கள் இளம் இலையில் வெள்ளை மாவு தெரிந்தால் அது சாம்பல் நோய். அதற்கு இலை நனையவே வேண்டியதில்லை, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறுமுன்.

2025 பிப்ரவரி 9

பூ வந்துவிட்டது. தேறினதில் ரெண்டு செடி சொல்லும்படியாக இருக்கிறது. ஒன்று அந்த ஆடி மொட்டை. இளஞ்சிவப்பு, தாயைவிடக் கொஞ்சம் பெரிய பூ, கொத்தாக வருகிறது, வாசனை காலையில் மட்டும். பூவாகப் பார்த்தால் சுமார்தான். கண்காட்சியில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இன்னொன்று வெள்ளையில் ஓரச் சிவப்பு, தகப்பன் ஜாடை, ஆனால் தண்டு மெலிவு, பூ தலை கவிழ்ந்துவிடுகிறது.

பெயர் வைத்துப் பதிவு செய்யலாமா என்று கேட்கிறீர்கள். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது, அதில் பதிவு செய்ய வழி உண்டு. இருக்கிற ரகத்திலிருந்து வேறுபட்டது, எல்லாச் செடியும் ஒரே மாதிரி, வருஷா வருஷம் மாறாதது என்று நிரூபிக்க வேண்டும். என் செடி இன்னும் ஒரு தொட்டியில் ஒற்றையாக நிற்கிறது. இன்னும் ரெண்டு ஆனி ஆடி போகட்டும்.

கருங்கல் தங்கச்சி, உங்கள் குச்சிகளில் ஒன்று தளிர்த்திருக்கிறது என்று போட்டோ பார்த்தேன். தளிர் ஒட்டு முடிச்சுக்கு மேலேதான் வந்திருக்கிறது, அதனால் அது இங்கிலீஷ் ரோஸேதான். மே கடைசியில் மழை தொடங்குமுன்னே அதை ஓட்டுத் தாழ்வாரத்துக்குள், காலை வெயில் மட்டும் விழுகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இலை நனையாமல் இருந்தால் அந்த ரகமும் நம்ம ஊரில் காலம் தள்ளும். தாழ்வாரம் இருக்கிறவர்களுக்கு என் இலைக் கணக்கெல்லாம் தேவையே இல்லை, பிடித்ததை வாங்கலாம்.

என் இளஞ்சிவப்பில் கம்பு கேட்டவர்களுக்கு: பூ ஓய்ந்ததும் பென்சில் பருமனில் வெட்டித் தருகிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒருவர், கடற்கரையில் ஒருவர், மலையடிவாரத்தில் ஒருவர் வாங்கிக்கொண்டால் எனக்கு உபகாரம், மூன்று இடத்திலும் எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம். ஒரே நிபந்தனை, ஜூலையில் மருந்து அடிக்காமல் இலையைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். வரும்போது ஈரத்துணி கொண்டுவாருங்கள். ஞாயிறு வேண்டாம், வீட்டில் இருக்கமாட்டேன்.